அரிசி டின்னுக்குள் மூன்று அட்டைகள்

அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டு அம்மிணி. நெனச்சேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல, பேச்சு வராத புள்ளைகளுக்குன்னு இருக்கற மையந்தான? டாக்டரு இப்பெல்லாம் அதைத்தான் எழுதிக் குடுக்கறாரு. எப்ப வரச் சொல்லியிருக்காங்க? இன்னைக்கு மத்தியானமேவா. ம்.

போ. போக வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நாஞ்சொல்றதக் கேட்டுட்டுப் போ. மாத்திரை குடுக்கற ஜன்னலு பதினொண்ணரைக்கு முன்னால தொறக்க மாட்டாங்க. உன்ற டோக்கன் என்ன நம்பரு? நாப்பத்திரண்டா. எனக்கு நாப்பது. நெறைய நேரங் கெடக்குது.

பாப்பா பேரென்ன? மித்ராவா. நல்ல பேரு. வயசு நாலா? பேச்சு வரலையாக்கும். பரவால்ல. என்ற பையனுக்கு இருவத்திரண்டு முடிஞ்சிருச்சு, அவனுக்கு இன்னும் வரல. நானென்ன செத்தா போயிட்டேன்? இந்தா கண்ணு, பிஸ்கட்டு. வாங்கிக்க சாமி. மொகத்தத் திருப்பிக்கறா பாரு. அதெல்லாம் சும்மா. நீட்டிட்டே இருந்தா வாங்கிக்குவா. எனக்குத் தெரியாததா.

என்ற பேரு பாவாத்தா. பையன் பேரு சிவநேசன். நான் குட்டின்னுதான் கூப்புடுவேன். ஆளு என்னையவிட ஒரு மொழம் ஒசரம், மீசையெல்லாம் இருக்குது. அதை வாரத்துக்கு ரண்டு தடவ வழிச்சு உடறதும் நான்தான். குளிப்பாட்டறது, சட்டை மாட்டறது, தலை சீவறது, சோறூட்டறது, எல்லாம் நான்தான். இவ்வளவு வருசமும் அவன் இந்தக் கையிலதான் சோறு தின்னிருக்கான். அவனை உட்டுட்டு ஒரு நாளு நான் வேற ஊட்டுல தங்கினதில்ல. எங்கப்பன் செத்ததுக்குப் போயிட்டு, எடுக்கறதுக்கு முன்னாலயே பஸ் ஏறி வந்துட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். வேற யாரு சொல்லப் போறாங்க?

அவனுக்குத் தாங்கலைன்னா கையைக் கடிச்சுக்குவான். இங்க, மணிக்கட்டுக்கு மேல. கடிச்சுக் கடிச்சு அந்தத் தோலே காய்ச்சுப் போயிருச்சு. சில நாளு செவுத்துல தலையை முட்டுவான். ஆனா அதுக்கு முன்னால அவனோட வலது காது செவக்கும். கட்டைவெரல மத்த நாலு வெரல் மேலயும் மாறி மாறித் தேய்ப்பான். உலகத்துல அது எனக்கு மட்டுந்தான் தெரியும். காது செவந்துருச்சுன்னா நான் பின்னால போயி ரண்டு கையையும் சேத்து இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, வாயில ஒரு முறுக்கத் திணிச்சுருவேன். திமிருவான். அப்புறம் அடங்கிருவான். நல்ல வழிதான? ஏன் அம்மிணி பாப்பாவ மடிக்கு இழுத்துக்கற? சரி, கேளு.

ஒண்ணரை வருசத்துக்கு முன்னால இதே மாதிரிதான் டாக்டரு ஒரு சீட்டு எழுதினாரு. போனேன். அங்க இருந்தா அந்தப் புள்ள. பெனிட்டான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கமாம். இருவத்தாறு வயசு, கண்ணாலங்கூட ஆகல, கையில ஆம்பளைக் கடிகாரம் ஒண்ணு. ஒரு புள்ளையத் தோள்ல போட்டுத் தூங்க வெச்சிருப்பாளா அவ? ஒரு நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்கறா, "அம்மா, அவரு கையைக் கடிக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்?"ன்னு.

அவரு. எங்க ஊட்டுக்காரரு யாரையும் கடிச்சதில்லையேன்னு ஒரு நிமிசம் முழிச்சுட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, அவ என்ற குட்டியச் சொல்றா.

நானும் எல்லாத்தையுஞ் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. காது செவக்கறது, வெரல் தேய்க்கறது, மிக்சி ஓடினா ஆகாது, சட்டையில ஒரு சொட்டு ஈரம் பட்டா ஆகாது, ரண்டு பேரு ஒட்டுக்காப் பேசினா ஆகாது, எல்லாஞ் சொன்னேன். அவ நோட்டுல மூணு கட்டம் போட்டு எழுதிக்கிட்டா. முன்னாடி, அப்போ, பின்னாடி. "சும்மா யாரும் தன்னைக் கடிச்சுக்க மாட்டாங்கம்மா. அவரு எதையோ சொல்றாரு. என்னன்னு நாம புரிஞ்சுக்கிட்டா அவரு கடிக்க வேண்டியிருக்காது"ன்னா. எனக்கே பாடம். நான் பெத்து வளத்து இருவது வருசம் படிச்ச படிப்பை அவ ஒரு மணி நேரத்துல எழுதி எடுத்துட்டுப் போயிட்டா.

அடுத்த மாசம் இந்த ஆஸ்பத்திரியில டாக்டரு அந்த நோட்டப் பாத்துட்டு, "அடேயப்பா, காது செவக்கறதைக் கூடக் கவனிச்சிருக்கீங்களே பெனிட்டா"ங்கறாரு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். அவ உடனே, "அம்மாதான் சார் சொன்னாங்க"ன்னா. அதையாச்சும் சொல்லாம இருந்திருந்தா நான் நல்லாத் திட்டியிருப்பேன். திட்டறதுக்குக் கூட எடங் குடுக்காத புள்ள.

ஆறு மாசத்துல கடி நின்னுபோச்சு. நெசமாத்தான். அந்தக் காய்ச்சுப் போன எடம் கொஞ்சங் கொஞ்சமா மெத்துன்னு ஆயிருச்சு. எனக்குச் சந்தோசந்தான், பெத்தவளுக்குச் சந்தோசம் இல்லாம இருக்குமா? ஆனா நான் சாயங்காலம் போயி அவனைக் கூட்டிட்டு வர்றப்ப, அவன் என்ன பண்ணுவான் தெரியுமா? கேட்டைத் தாண்டினதும் ஒருக்காத் திரும்பிப் பாப்பான். இத்தன வருசத்துல நான் எங்க போனாலும் அவன் என்னையத் திரும்பிப் பாத்ததில்ல. நான் எங்கயுமே போகலையே, அப்புறம் எங்க திரும்பிப் பாக்கறதுன்னு நீ கேக்கலாம். கேளு.

ஒரு நாளு மத்தியானம், அரிசிம்பருப்புச் சோறு நெய் ஊத்தி டிபன்ல எடுத்துட்டு முன்னாடியே போயிட்டேன். நானே ஊட்டிட்டு வரலாம்னு. ஜன்னல் வழியாப் பாத்தா, என்ற பையன் கரண்டியப் புடிச்சுத் தானாச் சாப்பிட்டுட்டு இருக்கான். சட்டையெல்லாஞ் சோறு. மீசையில தயிரு. அவ ரண்டு கை தள்ளி உக்காந்து தன்ற டப்பாவுல இருக்கறதத் தின்னுட்டு இருக்கா. ஊட்டவும் இல்ல, பாக்கவும் இல்ல. அப்பக் கூட அவன் தின்னுட்டான் அம்மிணி. நான் டிபனைத் தொறக்காமத் திருப்பி எடுத்துட்டு வந்து மாட்டுக்கு வெச்சேன்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? பக்கத்து ஊட்டுக்காரி புதுச் சேலை கட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது. அவ மகன் இஞ்சினீரு ஆனப்பக் கூட நான் போயி இனிப்பு வாங்கித் தின்னுட்டு வந்தேன். எனக்குன்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. நானில்லாம இவன் இல்லைங்கறது. அதையும் அவ கேட்டா எப்படி?

பாப்பா, கை வலிக்குது சாமி, வாங்கிக்க. இன்னும் மொறச்சிட்டு இருக்கறா பாரேன்.

எங்க உட்டேன்? ஆங், அட்டை. இந்த வருசம் பொங்க கழிஞ்சு அவனுக்கு அட்டை குடுத்தாங்க. சின்னச் சின்னப் படம், லேமினேசன் பண்ணி, ஒரு வளையத்துல கோத்து இடுப்புல மாட்டி உட்டுட்டாங்க. தண்ணி, கக்கூசு, சோறு, வெளிய போலாம், சத்தமா இருக்குது, இப்படி. எது வேணுமோ அதை எடுத்துக் காட்டோணும். அதுல ஒரு அட்டை சிவப்பு, நடுவுல வெள்ளையா ஒரு உள்ளங்கை. வேண்டாம். அதான் அதுக்கு அர்த்தம். "அவரு வேண்டாம்னு காட்டினா நாம நிறுத்திரணும்மா. உயிருக்கு ஆபத்துன்னா மட்டுந்தான் மீறலாம். அவரு வேண்டாம்னு சொன்னதை நாம கேட்டு நடந்தாத்தான் அவருக்கு அது வார்த்தைன்னு புரியும்"னா. நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலமே, சோத்தப் பெசஞ்சு மூணாவது உருண்டையக் கொண்டு போறேன். அவன் இடுப்புக்குக் கையக் கொண்டு போனான். ஒவ்வொண்ணாத் தள்ளினான். சிவப்பை எடுத்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டினான்.

எங்க ஊட்டுக்காரரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. "பையன் உங்கிட்டப் பேசிட்டான் பாவாத்தா"ங்கறாரு. மஞ்ச மண்டியில மூட்டை தூக்கற மனுசன், அழுது நான் பாத்ததில்ல. அவருக்கு அது பேச்சு. எனக்கு? அம்மான்னு ஒருக்காச் சொல்லிருவான் சொல்லிருவான்னு நான் எத்தன வருசம் வாயப் பாத்துட்டு இருந்தேன். கடைசியில எங்கிட்டச் சொன்ன மொதோ வார்த்தை வேண்டாங்கறது. அதுவும் நான் பெசஞ்ச சோத்தைப் பாத்து. அந்த உருண்டைய அவன் வாயில வெச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். தின்னுட்டான். ஆனா காது செவந்துச்சு.

அடுத்த நாளு அவன் குளிக்கறப்ப வளையத்தக் கழட்டி, அந்தச் சிவப்பு அட்டைய மட்டும் உருவி, அரிசி டின்னுக்குள்ள அடியில தள்ளிட்டேன்.

நீ அப்படிப் பாக்காத. சொல்றேன்னு ஆரம்பிச்சுட்டேன், சொல்லிட்டுத்தான் போவேன்.

அவ வேற ஒண்ணு போட்டுக் குடுத்தா. அதையும் எடுத்தேன். மூணாவதும் குடுத்தா, கயித்துல முடிச்செல்லாம் போட்டு. கத்திரிக்கோலு எதுக்கு இருக்குது? அந்த வாரமே அவன் மறுக்கா கையைக் கடிக்க ஆரம்பிச்சுட்டான். ஊட்டுல மட்டுமில்ல, மையத்துலயும். ஒரு நாளு ரத்தமே வந்துருச்சுன்னு என்னையக் கூப்பிட்டு உட்டாங்க. போனா, அந்தப் புள்ள மூஞ்சி இத்தனூண்டு ஆயிருந்துச்சு. நோட்டை விரிச்சு வெச்சிருக்கா. 'அப்போ' கட்டத்துல எழுதியிருக்குது, 'பின்னாடி' கட்டத்துல எழுதியிருக்குது, 'முன்னாடி' கட்டம் மட்டும் காலியா இருக்குது. "வீட்டுல எதாவது மாறியிருக்காம்மா?"ன்னு கேட்டா.

ஒண்ணும் மாறலையேன்னேன்.

அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? குளுகுளுன்னு இருந்துச்சு. என்ற பையன் கையில கட்டுப் போட்டு ஒக்காந்திருக்கான், எனக்குக் குளுகுளுன்னு இருக்குது. பாத்தியா, உங்கிட்டயும் கடிக்கறானல்லன்னு உள்ளுக்குள்ள ஒருத்தி கைகொட்டறா. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து, கட்டியணைச்சு, முறுக்கத் திணிச்சு, பழையபடி எல்லாம் பண்ணினேன். பழையபடி என்ற பையன்.

இதுல இன்னொண்ணு இருக்குது. அவனுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. பேக்கரிக்கு அட்டைப்பெட்டி மடிக்கற எடம். அவன் மடிச்சா மூலை மேல மூலை அப்படியே படியும், நீ பாக்கோணும். மூணு நாளு போயிப் பழகினான், அந்த மொதலாளிக்கும் புடிச்சிருந்துச்சு. ஒண்ணாந் தேதியிலருந்து வரச் சொல்லியிருந்தாரு. ரத்தம் வந்த சேதி தெரிஞ்சதும் தள்ளி வெச்சுட்டாங்க. வர்ற திங்கக்கெழமை ஒக்காந்து பேசறாங்களாம். அதோட அந்த மையத்தை நடத்தற பெரியம்மா சொல்லிருச்சு, "அவன் காலையில வேன்ல வர்றப்ப அட்டையத் தூக்கி வெளிய போட்டுடறான், மூணு தடவை ஆச்சு, அவனுக்கு அது புடிக்கல, எடுத்துரலாம்"னு. பெனிட்டா மட்டும் இல்லைன்னாளாம். "அவரு பொருளைத் தொலைக்கற ஆளில்ல மேடம்"னாளாம். என்ற பையன் எதையுந் தொலைக்கமாட்டான்னு எனக்குத் தெரியாதா? ஒரு குண்டூசி எடம் மாறியிருந்தாலும் எடுத்துப் பழைய எடத்துல வெக்கற பையன் அவன். ஆனா அதைச் சொல்ல அவ வாய் தொறந்தா, நான் தொறக்கல.

இந்தச் செவ்வாக்கெழமை நடந்ததைச் சொல்றேன். அதுக்குத்தான் உன்னைய இவ்வளவு நேரம் புடிச்சு வெச்சிருக்கேன்.

காலையில சோத்தப் போட்டுப் பெசஞ்சுட்டு இருக்கேன். அவன் தட்டு முன்னால ஒக்காந்திருந்தவன் எந்திரிச்சான். நேரா அரிசி டின்னுகிட்டப் போனான். தேடல, தடவல, நேராப் போனான். மூடியத் தொறந்து முழங்கை வரைக்கும் கைய உட்டு, ஒரு அட்டைய எடுத்தான். சிவப்பு. ஒட்டியிருந்த அரிசியெல்லாம் ஒவ்வொண்ணா டின்னுக்குள்ளயே தட்டி உட்டான். அவனுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குது அம்மிணி. எத்தன நாளாத் தெரியுமோ. அவன் அதைச் சொல்றதுக்கு ஒரு அட்டை இல்ல, அவ்வளவுதான்.

எங்கிட்ட வந்து அதைக் காட்டினான். அந்த வெள்ளை உள்ளங்கைய என்ற மூஞ்சிக்கு நேரா. நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. கையில உருண்டைய வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன். கீழ எறக்கல. பழக்கம் அம்மிணி, கை எறங்கல.

அவன் கொஞ்ச நேரம் பாத்தான். என்னைய இல்ல, என்ற கைய. அப்புறந் திரும்பிப் போயி, அந்த அட்டைய அரிசிக்குள்ள பழைய எடத்துலயே தள்ளி, மூடியப் போட்டு அமுக்கினான். வந்து ஒக்காந்தான். வாயைத் தொறந்தான்.

கடிக்கல. கத்தல. காது கூடச் செவக்கல. வாயை மட்டுந் தொறந்து வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்.

நான் ஜெயிச்சுட்டேன்ல? எனக்கு வேண்டியது அதுதான? என்ற கையில இருந்த சோறு எங்க போச்சுன்னே தெரியல. அதுக்கப்புறம் அவன் வாயத் தொறக்கறத என்னால பாக்க முடியல. முந்தா நாளுலருந்து கரண்டியத் தட்டுல போட்டுட்டு நான் வெளிய போயித் துணி தொவைக்கற கல்லு மேல ஒக்காந்துக்கறேன். உள்ள சத்தங் கேக்குது, கரண்டி தட்டுல படற சத்தம். திங்கறானா, சிந்தறானான்னு பாக்கப் போறதில்ல. அந்தப் புள்ள எப்படித்தான் அத்தனை நாளும் பாக்காம ஒக்காந்திருந்தாளோ. அது லேசுப்பட்ட வேலை இல்ல. இதை அவகிட்டச் சொல்லிராத.

இந்தா, இதைப் பாரு. பையிலதான் வெச்சிருக்கேன். மூணும் இருக்குது. நேத்திக்கும் மையத்துக் கேட்டு வரைக்கும் கொண்டு போனேன். அவ அந்தப் பக்கமா வந்தா, "வாங்கம்மா"ன்னு சிரிச்சா. நான் பையோட வாயைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். அவ மூஞ்சியப் பாத்துக் குடுக்க என்னால ஆகாது. இன்னைக்கும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. திங்கக்கெழமை வந்துரும்.

நீ மத்தியானம் போறேல்ல? இதைக் குடுத்துரு. கொஞ்சம் அரிசி மாவு ஒட்டியிருக்குது, முந்தானையில தொடச்சுக்க. என்ன சொல்லிக் குடுக்கறதா? கேட்டுகிட்டக் கீழ கெடந்துச்சுன்னு சொல்லிரு.

இரு இரு. வேண்டாம். அப்படிச் சொன்னா அவன் தூக்கிப் போட்டதாத்தான் ஆயிரும். எடுத்து வெச்சிருந்தது சிவநேசன் அம்மான்னு சொல்லு. பேரைச் சொல்லியே சொல்லு, பாவாத்தான்னு. 'முன்னாடி' கட்டத்துல அதையே எழுதிக்கச் சொல்லு. அவரு தொலைக்கலையாம்னு சொல்லு. அவருன்னே சொல்லு. அந்தப் புள்ளைக்கு அப்படிச் சொன்னாத்தான் காதுல ஏறும்.

ஜன்னலைத் தொறந்துட்டாங்க. நாப்பதக் கூப்புடறாங்க பாரு, நான் போறேன். மாத்திரை வாங்கிட்டு நான் இந்தப் பக்கம் வரமாட்டேன், அப்படியே போயிருவேன். நீ பத்திரமா வெச்சுக்க.

பாப்பா, இந்தப் பிஸ்கட்ட இன்னும் நீ தொடவே இல்லையே. சரி கண்ணு. வேண்டாம்னா வேண்டாந்தான். நான் பைக்குள்ள வெச்சுக்கறேன்.